கணக்குப் போடும் மனத்துக்கு எந்த இசை?

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் முன்னால் நிற்பவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகையினர் கல்லுக்குள் சுரம் இருப்பதை எண்ணி வியந்துவிட்டு அடுத்த சன்னதிக்கு நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு வகையினர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள்தானே, இதில் ஒரு சுரமும் பக்கத்துத் தூணில் வேறு சுரமும் எப்படி வருகிறது, நீளத்தினாலா, பருமனாலா என்று மனசுக்குள் அலசத் தொடங்கிவிடுவார்கள். கூட வந்தவர்கள் காந்திமதியம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் இவர்கள் அதே இடத்தில் நிற்பார்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்காக.

"மனசு களைச்சுப் போச்சுன்னா ரெண்டு மெலடி கேளு" என்று வீட்டில் சொல்வார்கள். பலருக்கு அது பலிக்கும். தனிமையில்தான் தேறுவேன் என்பவருக்கும், எதையும் பிரித்துப் பார்த்தே பழகியவருக்கும் பல நேரம் பலிப்பதில்லை. பாட்டு ஓட ஓட, இது என்ன ராகம், இந்த இடத்தில் ஏன் நடை மாறுகிறது, பின்னால் வருவது வயலினா கீபோர்டா என்று மனசு வேலையில் இறங்கிவிடும். அரை மணி நேரம் கேட்டு எழுந்தால் முன்னைவிட விழிப்பாக இருப்பார்கள். சரியென்று ஒன்றுமே இல்லாத சவசவ இசையைப் போட்டால், ஐந்தாவது நிமிஷத்தில் மனசு அதை விட்டுவிட்டு ஆபீஸ் கணக்குக்கே திரும்பிப் போய்விடும். இந்த மனசுக்குக் கொஞ்சம் வேலை வேண்டும். அந்த வேலை சிக்கலில்லாமல் முடியவும் வேண்டும். கீழே வரும் தேர்வு எல்லாமே இந்த இரண்டையும் வைத்துத்தான்.

நீங்கள் இந்த வகையா?

தனிமையில் தேறுபவர் அகமுகி, கூட்டத்தில் தேறுபவர் புறமுகி என்ற பிரிவினை, உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதியதற்குப் பிறகு பரவலானது. 1967-இல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அகமுகிகளின் மூளை சும்மா இருக்கும்போதே கூடுதல் விழிப்பில் இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் தூண்டுதல் சீக்கிரமே மிகையாகிவிடுகிறது என்றார். பின்னால் நடந்த சோதனைகள் இதை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இசை விஷயத்தில் பயன்படுகிற ஒரு முடிவு உண்டு. 1997-இல் ஃபர்ன்ஹாம், பிராட்லி இருவரும் பாப் பாட்டை ஓடவிட்டுப் படிக்கவும் நினைவில் வைக்கவும் சொல்லிப் பார்த்தார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் அகமுகிகளுக்குத்தான் சறுக்கல் அதிகம்.

இணையத்தில் கிடைக்கும் பதினாறு வகை ஆளுமைச் சோதனையை எழுதி, நான்கெழுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற பாட்டுப் பட்டியலைத் தேடவேண்டியதில்லை. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு முத்திரை வருவதும் உண்டு. மூன்று கேள்வி போதும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பினால் பேச்சே வேண்டாம் என்று இருக்கிறதா? பாட்டைக் கேட்கும்போது வரிகளைவிட அமைப்பு முதலில் கண்ணில் படுகிறதா? தெரியாத ராகம் காதில் விழுந்தால் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை மனசு அடங்காதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மேலே படிக்கலாம்.

இசைக்கு முன்னால் பத்து நிமிஷம்

கூட்டத்திலிருந்து வந்த உடனே எந்த இசையையும் போடாதீர்கள். டவுன் ரதவீதி, ஜங்ஷன் பஸ் நிறுத்தம், கல்யாண மண்டபம், எதிலிருந்து வந்தாலும் சரி. காது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. அதன்மேல் நல்ல இசையை ஊற்றினாலும் அதுவும் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். முகம் கழுவி, விளக்கைக் குறைத்து, பத்து முதல் பதினைந்து நிமிஷம் மின்விசிறிச் சத்தத்தோடு மட்டும் இருங்கள். பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் படுப்பது இந்த ஊர் வெயிலுக்கு மெத்தையைவிட உத்தமம்.

வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது தொழில்நுட்பம் அளவுக்கே முக்கியம். "இருட்டுக்குள்ள தனியா இருந்து என்னல செய்த?" என்று ஆச்சி நடுவில் கதவைத் தட்டினால் அதுவரை சேர்ந்த அமைதி கலைந்துவிடும். "அரை மணி நேரத்துல வந்துருதேன் ஆச்சி" என்று உள்ளே போகும்போதே சொல்லிவிட்டால் தட்டமாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வெளியே வந்துவிடவும் வேண்டும். வராவிட்டால் அடுத்த தடவை தட்டத்தான் செய்வார்கள்.

வார்த்தையை விலக்குங்கள்

தெரிந்த மொழியில் பாட்டு ஓடினால் மூளையின் மொழிப் பகுதி அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஓய்வுக்கு வேண்டிய இசையில் புரியும் வார்த்தை இருக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். திரைப்பாட்டைப் புல்லாங்குழலிலோ வீணையிலோ சாக்ஸபோனிலோ வாசித்த பதிவுகளை, வார்த்தை இல்லையே என்று தேர்ந்தெடுக்கிறார்கள். மெட்டு தெரிந்த பாட்டு என்றால் வார்த்தை உங்கள் தலைக்குள் தானாக ஓடும். பாடகர் குரல் ஓடும், பாட்டு வந்த காட்சி ஓடும், அந்தப் படத்தைப் பார்த்த வயது ஓடும். காதுக்கு வாத்தியம், மனசுக்கு முழுப்பாட்டு. பரிச்சயமில்லாத மெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கீர்த்தனை வாசிப்பிலும் இதே கணக்குத்தான். சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், மனப்பாடமான கீர்த்தனையை ஓய்வுப் பட்டியலில் சேர்க்கவேண்டாம்.

தம்புரா: தொடங்கவேண்டிய இடம்

முதல் வாரம் தம்புரா நாதத்தை மட்டும் கேளுங்கள். பாட்டுக்குத் துணையாக வரும் ஒன்றைத் தனியாகக் கேட்பதா என்று தோன்றும். ஆனால் அலசும் காதுக்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் வேறில்லை.

தம்புராவில் நான்கு தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். இதே வரிசையில், ஒரே சீரில், மறுபடி மறுபடி மீட்டப்படுகிறது. அடுத்து என்ன வரும் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே பார்க்க நிறைய இருக்கிறது. தந்தியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் நூல், தந்தியின் அதிர்வை உடைத்து மேல்சுரங்களை மலரவிடுகிறது. மந்தரத் தந்தியை மீட்டிய உடனே காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். யாரும் மீட்டாத ஒரு சுரம் மேலே மெலிதாக மிதந்துவரும். அது அந்தர காந்தாரம். மந்தர சட்ஜம் 70 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்து மடங்கான 350 ஹெர்ட்ஸில் இந்தக் காந்தாரம் பிறக்கிறது. முதல் நாள் கேட்காமல் போகலாம். மூன்றாம் நாள் கேட்கும். கேட்டபின், ஒவ்வொரு சுற்றிலும் அது எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிக் கரைகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கலாம். மனசுக்கு வேலையும் கிடைத்தது, அந்த வேலைக்கு விடை தேடி அலையவும் தேவையில்லை.

செய்முறை இதுதான். செல்போனில் தம்புரா ஆப் ஒன்றை இறக்குங்கள். நிஜத் தம்புராவைப் பதிவுசெய்து உருவாக்கிய ஆப்பாக இருக்கவேண்டும். பழைய மின்னணுச் சுருதிப்பெட்டியின் தட்டையான ஓசையில் காந்தாரம் துலக்கமாகக் கேட்பது கடினம். கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, தேர்ந்தெடுக்க, வாயை மூடிக்கொண்டு சிரமமில்லாமல் தாழ முனகிப் பாருங்கள். அந்த முனகல் எந்தக் கட்டையோடு ஒட்டுகிறதோ அதுவே உங்களுக்கு. ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்களுக்கு 5 கட்டையை ஒட்டியும் அமையும். மீட்டும் வேகத்தை ஆப் தரும் அளவில் குறைவான பக்கத்தில் வையுங்கள். செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் மந்தரம் அடிபட்டுப்போகும். ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கராவது வேண்டும்.

ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். கால்மாட்டுப் பக்கம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் தாழ்ந்த சுரம் வீங்கிக் கேட்கும்.

ராகம், காலம், வாத்தியம்

இரண்டாம் வாரம் ஆலாபனைக்குப் போகலாம். தாளம் இல்லாத, வார்த்தை இல்லாத, ஒரே வாத்தியத்தின் ஆலாபனை. வீணை முதல் தேர்வு, புல்லாங்குழல் இரண்டாவது. வயலின் சிலருக்கு அமைதி தரும், சிலருக்கு அழுகையைக் கிளப்பும். அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று வரும் பட்டியல்களை நம்பி ராகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ராகத்தின் அமைப்பைப் பாருங்கள். ஐந்து சுர ராகங்களில் மோகனம், மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்ற ஐந்திலும் அடுத்தடுத்த அரைச்சுர நெருக்கம் எங்கும் இல்லை. எந்தச் சுரமும் பக்கத்துச் சுரத்தோடு உரசாது. இவை ஐந்தும் ஒரே குடும்பம்கூட. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி கிடைக்கும். காந்தாரத்தை வைத்தால் இந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று சொல்வது இதைத்தான். இதை ஒரு பகல் நேரத்தில் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். ராகத்தின் கணக்கு ஒருமுறை விளங்கிவிட்டால், இரவில் கேட்கும்போது மனசு மறுபடி அதை நோண்டாது. ராகம் தெரியாமல் கேட்பதுதான் இந்த வகை மனசை உறங்கவிடாத முதல் காரணம். ஆகவே பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொன்றின் ராகப் பெயரையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெயரைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள்.

இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அதற்குத் துணையாகத் தம்புரா ஆப்பை ஓடவிட்டால் பஞ்சமத் தந்தி உறுத்தலாம். ஆப்பில் அதை மத்திமத்துக்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கும்.

ஏழு சுர ராகங்களில் ஆனந்தபைரவி, சகானா, யதுகுலகாம்போதி போன்றவை சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் நிறைந்தவை, நிதானமானவை. நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். இவற்றின் வளைவுகளில் அலசப் பெரிய பொருள் கிடக்கிறது. அதனால்தான் இவற்றை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள் என்கிறோம். காது ஐந்து சுரத்தில் ஓய்வெடுக்கப் பழகியபின் இவை இனிக்கும். முதலிலேயே போட்டால் ஆராய்ச்சியில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

காலத்தை அளக்கச் சுலபமான வழி உண்டு. தொடையில் தாளத்தைத் தட்டி, 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 12 முதல் 17 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 48 முதல் 68 வரை இருந்தால் நல்லது. சும்மா இருக்கும் பெரியவர்களின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை. அதன் கீழ்ப்பக்கத்தை ஒட்டியோ அதற்கும் கீழோ இசை நடக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஆதி தாளம் இரண்டு களையில், ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 எண்ணிக்கையில் மெதுவாக நடக்கும் விளம்ப காலக் கீர்த்தனை இதற்கு நன்றாக ஒத்துவரும்.

தாளத்தோடு வருகிற ஒன்று வேண்டும் என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை வீணையில் கேளுங்கள். அவர் வைணிகர், வீணை வாசிப்பவர். அவர் கீர்த்தனைகளில் பெரும்பகுதி வீணையின் நிதானத்தில் நடப்பவை. கடைசிக் காலத்தில் நம் பக்கத்து எட்டயபுரத்தில் இருந்து, 1835-இல் அங்கேயே காலமானார். சமாதியும் அங்கேதான். கவனிக்கவேண்டியது ஒன்று: பல கீர்த்தனைகளில் பகுதியின் முடிவில் மத்திம கால சாகித்யம் வரும். அதுவரை மெல்ல நடந்தது இரட்டிப்பு வேகம் எடுக்கும். முதல் தடவை உலுக்கும். நான்கைந்து முறை பகலில் கேட்டு இடம் பழகிவிட்டால், எதிர்பார்த்த திருப்பமாக வந்து இதமாக முடியும். 1904-இல் எட்டயபுரத்திலேயே சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட சுரக்குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது பேரின்பம்தான். ஆனால் அது படிப்பு. அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

கச்சேரிப் பதிவு என்றால் கத்தரிக்கவேண்டியவை சில உண்டு. தனி ஆவர்த்தனத்தை முழுக்க வெட்டுங்கள். மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்து வாசித்துக் கோர்வையில் முடியும்போது, கணக்குத் தெரிந்த மனசு, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுகிறதா என்று விரலை மடக்கி எண்ணாமல் இருக்காது. ரசிக்க அதற்கு இணையில்லை. ஓய்வுக்கு ஆகாது. மேடையிலேயே கற்பனையாகச் சுரம் கோக்கும் கல்பனாசுரமும் அப்படியே. கைதட்டல், அறிவிப்பு, சுருதி சேர்க்கும் பகுதி, இருமல் எல்லாவற்றையும் நீக்குங்கள். வீணையில் தானம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். தாளம் இல்லாமலே ஒரு துடிப்பு அதில் ஓடும். பகலில் சோர்ந்து கிடக்கும்போது ஏற்றது, தூங்கப் போகும்போது வேண்டாம்.

நாகஸ்வரத்தை எப்படிக் கேட்பது

சேரன்மகாதேவிக்கு அடுத்த காருக்குறிச்சியில் 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்காமல் இந்தச் சீமையில் இசைப் பட்டியல் நிறையாது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அவருடைய ராக ஆலாபனைகள் கட்டுமானம் தெளிவாகத் தெரிபவை. ஒவ்வொரு சுரமாக நின்று, நிலைத்து, மேலேறும்.

ஆனால் நாகஸ்வரம் வீதியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம். அதன் மேல்சுரங்கள் ஹெட்போனில் காதைக் குத்தும், மனசு தானாக எச்சரிக்கையாகும். ஸ்பீக்கரை முன்கூடமான பட்டாசலில் வைத்துவிட்டு நீங்கள் உள்ளறையான அரங்கில் படுத்துக்கொள்ளுங்கள். கதவைப் பாதி சாத்துங்கள். மேல்சுரங்கள் கதவிலும் சுவரிலும் பட்டு மழுங்கி, வட்டமான நாதம் மட்டும் உள்ளே வரும். தூரத்துத் தெருவில் சாமி வருவது போல இருக்கும். தவில் சேருவதற்கு முன் ஆலாபனைப் பகுதியோடு நிறுத்திவிடுங்கள்.

ஆற்றுச் சத்தத்தை நீங்களே பதிவுசெய்வது

எட்டு மணி நேர ஓய்வு இசை, பத்து மணி நேர மழைச் சத்தம் என்று கிடக்கும் வீடியோக்களில் பலவும் இரண்டு மூன்று நிமிஷப் பதிவை ஒட்டி ஒட்டி நீட்டியவை. சாதாரணக் காதுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதே குருவி மறுபடி கூவுவதை இரண்டாம் சுற்றில் பிடித்துவிடுவீர்கள். அப்புறம் அந்தக் குருவிக்காகவே காத்திருப்பீர்கள். நடுவில் விளம்பரம் வேறு.

தாமிரபரணி பக்கத்தில் ஓடும்போது கடைப் பதிவு எதற்கு? குறுக்குத்துறைப் படித்துறை, பாபநாசம், எதுவானாலும் விடிவதற்கு முன்னால் போய்விடுங்கள். ஆறு மணிக்கு மேல் குளிக்க வருவோரின் பேச்சும் துணி துவைக்கும் அடியும் சேர்ந்துவிடும். குற்றாலம் சீசனில் பதிவுக்கு ஆகாது. அருவிச் சத்தத்தைவிட ஆட்களின் கூச்சல் மேலே நிற்கும்.

செல்போனை விமான நிலையில் வையுங்கள். பதிவு ஆப்பில் சுருக்காத கோப்பு வடிவமான வேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்காக மடித்த துண்டைப் படியில் விரித்து அதன்மேல் போனை வையுங்கள், கல்லின் அதிர்வு ஏறாது. மைக் துளையின்மேல் மெல்லிய பருத்திக் கைக்குட்டையை ஒற்றை மடிப்பாகப் போடுங்கள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் சாரல் காற்று இந்தக் கைக்குட்டைக்கு அடங்காது. புறா சிறகடிப்பது போலப் படபடவென்று பதிவாகும். அந்த மாதங்களில் மறைவான இடம் பாருங்கள், அல்லது தள்ளிப்போடுங்கள். தண்ணீரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைத்தால்தான் ஓட்டத்தின் மொத்தச் சத்தம் கிடைக்கும். ஓரத்திலேயே வைத்தால் ஒரு கல்லில் மோதும் சளக்சளக் மட்டும் பெரிதாகும், அலசும் காது அதையே பிடித்துக்கொள்ளும்.

குறைந்தது 25 நிமிஷம் பதிவுசெய்யுங்கள். நீங்கள் போனை வைத்த, எடுத்த சத்தம் வரும் முதல் கடைசி ஒரு நிமிஷத்தை வெட்டுங்கள். கணினியில் முடிவையும் தொடக்கத்தையும் 10 விநாடி ஒன்றின்மேல் ஒன்று கரையும்படி இணைத்துவிட்டால், சுற்றி வரும்போது ஒட்டு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும் நாளில் படியில் இறங்கவே இறங்காதீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலையே மூழ்கடிக்கும் தண்ணீர் அது.

கொடை நாட்களில்

சித்திரையிலும் ஆடியிலும் அம்மன் கோயில் கொடை வந்தால் மைக்செட் குழாய் விடிய விடியப் பாடும். ஊர்த் திருவிழாவை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஹெட்போனில் சத்தத்தை ஏற்றி அதோடு போட்டிபோடுவதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். சாதாரணப் பேச்சு சுமார் 60. ஓய்வு இசை அதற்கும் கீழே இருக்கவேண்டும். ஒரு கை தூரத்தில் ஒருவர் மெல்லப் பேசினால் இசையைத் தாண்டிக் கேட்கவேண்டும், அது போதுமான அளவு.

சுவரும் கதவும் கீச்சுச் சத்தத்தைத் தடுத்துவிடும். தவில், பம்பையின் தாழ்ந்த அதிர்வு உள்ளே வந்துவிடும். அதை மூட அதே தாழ்ந்த பகுதி நிறைந்த சத்தம்தான் வேண்டும். ஸ்ஸ் என்ற இரைச்சல் உதவாது. நீங்கள் பதிவுசெய்த ஆற்றுச் சத்தத்தில் ஈக்வலைசர் வைத்து மேல்பகுதியைக் குறைத்து, கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானைச் சுருட்டி உள்ளே விட்டு, ஸ்பீக்கரில் மெல்லமாக இதை ஓடவிடுவது ஹெட்போனைவிட நல்லது. கொடை நடக்கும் மூன்று நாளும் ராகம் எதையும் முயலவேண்டாம். வெளிப்பாட்டின் சுருதியும் உங்கள் சுருதியும் மோதும், அந்த மோதல்தான் காதில் நிற்கும்.

பட்டியலும் சோதனையும்

இந்த வகை ஆட்கள் இசை கேட்பதைவிட இசை தேடுவதில் அதிக நேரம் கழிப்பார்கள். எந்த வீணை, எந்த வருஷப் பதிவு, எந்த ஒலித்தரம் என்று பார்த்துப் பார்த்து நாற்பது நிமிஷம் போய்விடும். தேடுவதைப் பகலில் வையுங்கள், இரவில் பட்டியலைத் தொடாதீர்கள். மொத்தம் பன்னிரண்டு உருப்படிக்கு மேல் வேண்டாம். ஒரு அமர்வுக்கு 40 நிமிஷம்: தம்புரா 5, ஐந்து சுர ராக ஆலாபனை 12, இன்னொன்று 12, கடைசியில் ஆற்றுச் சத்தமோ தம்புராவோ 11. எல்லாமே ஒரே கட்டையில் அமைந்தால் சிறப்பு. ஒன்று முடிந்து அடுத்தது வேறு சட்ஜத்தில் தொடங்கினால் காது விழித்துக்கொள்ளும். கலைத்துப் போடும் வசதி, தானாக அடுத்ததை ஓட்டும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியைப் போடுங்கள். இசையை இறக்கிவைத்துக்கொண்டு கேட்டால் இணையம் நின்றாலும் பாதியில் அறுபடாது. தூங்கப் போகும்போது டைமர் வையுங்கள், சட்டென்று நிற்காமல் மெல்லத் தேய்ந்து நிற்கும் வகையாக இருக்கட்டும். இயர்போனோடு தூங்கவேண்டாம். புழுக்க மாதங்களில் காதுக்குள் வியர்த்து அரிப்பு வரும்.

432 ஹெர்ட்ஸ் இசை மனதைக் குணப்படுத்தும் என்ற பேச்சுக்குக் காசு செலவழிக்காதீர்கள். வழக்கமான 440-க்கும் அதற்கும் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். நம் இசையிலோ ஒவ்வொருவரும் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில் பாடுகிறார்கள், அதனால் எந்த ராகமும் குணம் கெட்டதில்லை.

எது பலிக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கழித்து மணிக்கட்டு நாடியை 30 விநாடி எண்ணி இரட்டிக்க வேண்டும். இசை முடிந்தபின் மறுபடி. கூடவே, மனசு எத்தனை தடவை இசையை விட்டு வேலைக்கு ஓடியது என்று தோராயமாக 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராகத்தையும் வாத்தியத்தையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது செய்தது என்று தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் இசையே இல்லாமல் சும்மா படுத்திருந்து அதையும் குறியுங்கள். சும்மா படுத்தாலே நாடி இறங்கும். அதைவிடக் கூடுதலாக இசை எதையாவது செய்கிறதா என்பதே கேள்வி. சிலருக்குச் செய்யாது. அவர்களுக்குச் சும்மா படுப்பதுதான் மருந்து, அதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். அளந்துகொண்டே இருந்தால் அளப்பதே வேலையாகிவிடும்.

தூக்கமின்மையும் பதற்றமும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் இசைப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நல்ல பட்டியலும் மூன்று நான்கு மாதத்தில் பழகிப் புளித்துப்போகும். அப்போது எல்லாவற்றையும் தூக்கி எறியாமல் பன்னிரண்டில் மூன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய மூன்றையும் பகலில் நாலைந்து தடவை கேட்டபின்தான் இரவுப் பட்டியலுக்குள் விடவேண்டும். சாரல் தொடங்கிவிட்டால் பட்டியலையே மூடிவைத்துவிட்டு, தாழ்வாரமான தார்சாவின் கதவைத் திறந்து ஓட்டில் விழும் தூறலைக் கேட்கலாம். அதற்கு ஒட்டுமில்லை, விளம்பரமுமில்லை.